இரண்டாம் செவ்வாய்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், இரவு ஏழு மணி,
தீயணைப்பு நிலையத்தின் மாடி.
பத்தொன்பது வருடமாகக் காப்பி என் பொறுப்பு.
பதினோரு பேர் வருவார்கள்.
பன்னிரண்டாவதாக ஒருவர் வந்தால்
வழி தவறி வந்திருப்பார்.

இதுவரை நாங்கள் கேட்ட உரைகள்:
வெண்ணெய் கடையும் பீப்பாய்கள், இரண்டு பாகம்.
எங்கள் ஊருக்கு ரயில் வராமல் போன கதை.
சுப்பீரியர் ஏரியில் வெங்காயத்தோடு மூழ்கிய கப்பல்.
யாருக்கும் வலிக்காத வரலாறு.
முடிந்ததும் ஜாம் குலுக்கல் நடக்கும்,
பாதி நேரம் ஜாம் செய்தவருக்கே விழும்.

இந்தப் பிப்ரவரியில் பல் மருத்துவர்
ஒழுகும் கூரையைப் பிரித்தார்.
ஒரு காலத்தில் அது சுரங்கக் கம்பெனியின் அலுவலகம்.
பலகைக்கு மேலே, எலிப்புழுக்கைக்கு நடுவே,
அந்தக் குளிர்காலத்தின் பேரேடு.

அந்தக் குளிர்காலம் என்றால்
எது என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
செம்புச் சுரங்கம் எட்டு மாதம் கதவடைத்த வருடம்.
தெருவில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்,
மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்வார்கள்.
உள்ளே போனவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே இல்லை,
அப்படித்தான் ஊர்க்கணக்கு.

அறுபத்து மூன்று பேர் வந்தார்கள்.
சவ அடக்க நிலையத்திலிருந்து நாற்காலி இரவல் வாங்கினோம்.
காப்பி முதல் கால் மணியிலேயே தீர்ந்துவிட்டது.
யாரும் கோட்டைக் கழற்றவில்லை.

ஆர்லீன் வாசித்தாள்.
முப்பது வருடம் தபால் நிலையத்தில்
எங்கள் எல்லோர் கடிதங்களையும்
பிரிக்காமல் கொடுத்தவள்.
பெயர், ஷிப்ட், நாட்கள், கூலி.
கடைசிப் பத்தியில் சில பெயர்களுக்கு மட்டும்
'வீடு வரை துணை தேவை.'

கருங்காலி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை.
அறையில் அது மட்டும் உட்கார இடமில்லாமல்
நின்றுகொண்டே இருந்தது.

பெர்டோல்டி, இரண்டு பேர்.
முன்வரிசையில் ஒரு தொப்பி மடியிலிருந்து விழுந்தது,
குனிந்து எடுக்க யாருமில்லை.
எழுத்து வரிசை இவ்வளவு மெதுவாக நகரும் என்று
பள்ளியில் எனக்குச் சொல்லித் தரவில்லை.
ட்ரெவார்ரோ வர இன்னும் எத்தனை பக்கம்?
வெற்றுக் கெண்டியின் குழாயை
நான் திறந்து திறந்து மூடினேன்.

'கிவேலா, ஆர்வோ. நாற்பத்தொரு நாள். துணை தேவை.'

வெய்னோ கிவேலா எங்கள் சங்கத்தின் தலைவர்.
அவருக்குப் பின்னால் சுவரில் தொங்குவது
அந்த ஊர்வலத்தின் கொடி.
ஆர்வோ தூக்கிய கொடி என்று
கீழே சின்ன எழுத்தில் எழுதியவனும் நான்தான்.

அவர் எழுந்தார்.
அறுபத்திரண்டு பேர் கதவைப் பார்த்தோம்.
அவர் ஜன்னலோரம் போய்
கடகடவென்று ஓடிய ஹீட்டரை அணைத்தார்.
'சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, ஆர்லீன்.
அந்த வரியை மறுபடி வாசி.'

வாசித்தாள்.
நாற்பத்தொரு நாள்.
உட்கார்ந்து, கைப்பிரதியின் பின்பக்கத்தில்
அவர் என்னவோ கூட்டிப் பார்த்தார்.
'என் அத்தை பிறந்த மாதம்,' என்றார்
யாரிடமும் இல்லாமல்.

என் பெயர் வரவில்லை.
அப்போது எனக்குள் எழுந்த நிம்மதியை
இன்னும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
அதற்கு ஒரு பேரேடு இல்லை.

குளிர ஆரம்பித்தது. ஹீட்டரைப் போட
யாருக்கும் கை வரவில்லை.
பிறகு வரிசையில் நின்று
ஒவ்வொருவராக அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள்,
தொடக்கூடாது என்ற அறிவிப்பை மதித்து
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
இருவர் சண்டையிட்டார்கள், பார்க்கிங் பற்றி.
ஜாம் பல் மருத்துவருக்கு விழுந்தது.

நாற்காலி மடிக்க வெய்னோ கடைசி வரை நின்றார்.
ஏணி எங்கே என்று கேட்டார்.
கீழே, குழாய்ச் சுருளுக்குப் பின்னால், என்றேன்.
கொடியை இறக்கவா, நேராக்கவா,
நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டாம் செவ்வாய்:
பனி அளக்கும் கோல்கள், படங்களுடன்.
காப்பி உண்டு.
கொஞ்சம் கூடுதலாகப் போடுவேன்.