கேட் சாத்தியிருக்கும்போது

நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எடுத்தேன்,
அதுதான் தப்பு.
படத்தில் வண்டி நிற்கிறது.
சக்கரக் கம்பிகளை எண்ணிவிடலாம்.
பின்சக்கரம் வாரியடித்த மண்கட்டி
யாரோ நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல்
அந்தரத்தில்.

மாசிக் கடைசி. தாளடி அறுத்த இருபத்திரண்டு மா.
வரப்பை வெட்டிப் பாதை போட்டு
திருப்பங்களில் மட்டும் டேங்கர் தண்ணீர் விட்டு
பதினாறு பேரை ஓட விட்டார்கள்.
காதடைக்கும் சத்தம், மூக்கில் புழுதி.
என்னிடம் வந்து சேர்ந்ததோ
பதினாறு பொம்மைகள்.

ஸ்டுடியோ நீடாமங்கலம் கேட்டுக்கு வடக்கே, மாடியில்.
கீழே கேட் சாத்தியிருக்கிறது.
மன்னார்குடி பஸ், தஞ்சாவூர் பஸ்,
நெல்மூட்டை லாரி, கல்யாண வேன்,
எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டன.
வேர்க்கடலைக்காரர் மட்டும் நடக்கிறார்.
இந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான்
நான் வேகம் செய்கிறேன்.

முதலில் ஆளையும் வண்டியையும் தனியே வெட்டி
மேலடுக்கில் வைத்தேன்.
பிறகு பின்னால் இருப்பதை இழுத்தேன்.
கோணம் மூன்று டிகிரி, நீளம் நாற்பது.
போதவில்லை. எண்பது. நூற்றிருபது.
தென்னைகள் பச்சைக் கயிறாயின.
கூட்டம் சேலைக்கரை ஆனது.
அறுப்பு மெஷின் ஒரு மஞ்சள் தீற்றல்.
சக்கரத்துக்குச் சுழல் மங்கல் தனியாக.
ஹாஜா மைதீன் பக்கத்தில் நின்று
"இன்னுங் கொஞ்சம் இழுங்கக்கா" என்றான்.
ஐந்தாவதாக வந்தவன்.
படத்தில் அவனுக்கு முன்னால் யாருமில்லை.
நான் இழுத்த இழுப்பில்
நான்காவது வண்டி கரைந்துபோயிருந்தது.
ரொக்கமாகக் கொடுத்து வாங்கிப் போனான்.

புரட்சிமணி வந்தது கேட்டுக்காகத்தான்.
நிற்கிற நேரத்தில் படத்தைப் பார்த்துவிடலாமென்று.
ஜெயித்தவன் அவன்.
அவனுக்கு இருநூறுவரை இழுத்து வைத்திருந்தேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"இது வேணாங்க."
நல்லால்லையா?
"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நான் பாத்தேனே.
அன்னிக்குப் பூரா இப்படித்தான் தெரிஞ்சுது.
பாக்காதத குடுங்க."

ஒவ்வொன்றாகப் பின்னே போனேன்.
கயிறு பிரிந்து மரமாயிற்று.
சேலைக்கரையில் முகங்கள் முளைத்தன.
அவன் தன்னைப் பார்க்கவே இல்லை.
ஒற்றைச் செருப்போடு ஒரு பொடியன்,
காதில் விரல் விட்ட ஒரு பெண்,
கவிழ்ந்த ட்ரம்மேல் மூன்று பேர்.
மூன்றாவது வரிசையில்
பந்தயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கடலை வாங்கும் நீலச் சட்டை.

"எம் மச்சான்!" என்றான்.
"எனக்காகக் கத்திக் கத்தித்
தொண்ட கட்டிப்போச்சுன்னு
மூணு நாளா வெந்நீர் குடிக்கிறாங்க இவன்!"
நாற்காலி ஆடும்படி சிரித்தான்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டில் போடச் சொன்னான்,
நீலச் சட்டை வெட்டுப்படாமல்.

பிரிண்ட் வருவதற்குள் சரக்கு ரயில் வந்தது.
நாற்பதோ நாற்பத்திரண்டோ பெட்டி.
பக்கத்துப் பெட்டி கோடாய் ஓட,
பெட்டிகளின் இடுக்கில்
எதிர்க்கரைத் தண்ணீர்த் தொட்டி
அசையாமல் விட்டுவிட்டுத் தெரிந்தது.
அப்போதுதான் உறைத்தது:
கைக்கெட்டும் கயிற்றையும்
அரைமைல் தள்ளி நின்ற தென்னையையும்
ஒரே அளவில் இழுத்திருக்கிறேன்.
ஹாஜா மைதீன் படம் தப்பு.
போன் செய்யவில்லை.

கேட் ஏறியது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உறும
யாருக்கும் வழியில்லை, பிறகு எப்படியோ
எல்லாருக்கும் இருந்தது.
முன்வரிசையில் புரட்சிமணி,
சுருட்டிய படம் சட்டைக்குள் முதுகில்,
உதைக்கிறான், உதைக்கிறான்,
வண்டி பிடிக்கவில்லை.
பின்னால் ஹாரன், வசவு.
கேமராவை ஜன்னல் கட்டையில் அழுத்தி
மூச்சைப் பிடித்து
கால் நொடி திறந்து மூடினேன்.

பஸ், லாரி, கல்யாணம், கடலை,
எல்லாம் கலங்கி ஓடுகின்றன.
நடுவில் அவன் மட்டும் துல்லியம்.
பெரிதாக்கிப் பார்க்கிறேன், வெறுங்கால்.
செருப்பு என் மாடிப்படியில் கிடக்கிறது.