எண்ணெய் திரும்பும் பதம்

பர்மாக்காரர்கள் கறிக்கு ஒரு பதம் சொல்வார்கள்,
ஸீ ப்யான்.
எண்ணெய் திரும்பி வருவது.
ஊற்றியதெல்லாம் அடியில் போய்
மசாலாவோடு பேசி முடித்து
மேலே வந்து மினுங்கினால்
கறி ஆயிற்று.

முப்பத்தொரு வருஷமாய்
போத்தடாங் டீக்கடையில்
சமோசா பொரிக்கிறவன் நான்.
சட்டியைப் பார்க்க வேண்டாம், கேட்டாலே போதும்.
சலசலப்பு தணிந்தால் திருப்பு,
அடங்கினால் அள்ளு.
குஞ்சிதத்தின் நெஞ்சுக்குள்
ஒரு சத்தம் தணிந்தது மட்டும்
பக்கத்தில் படுத்திருந்தும்
காதில் விழவில்லை.

பேனா ஸ்பிரிங் மாதிரி ஒன்றை
ரத்தக் குழாயில் வைத்து அனுப்பினார்கள்.
நீலார் வின் என்கிற சின்ன வயசு டாக்டர்
தாளில் எழுதிக்கொண்டே போனார்.
பாமாயில் வேண்டாம். ஙாப்பி வேண்டாம்.
உப்புக்கு அடியில் இரண்டு கோடு.
"வீட்டில் சமைப்பது யார்?"
அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.
"இனிமேல் நான்" என்றேன்.
குஞ்சிதம் சிரிக்கப் போய்
வலிக்கிறது என்றாள்.

முதல் நாள் வெங்காயத்தைத் தண்ணீரில் வதக்கினேன்.
வெங்காயம் என்னை நம்பவில்லை.
ஒரு கரண்டி, வற்றியதும் இன்னொரு கரண்டி,
அடிபிடிக்குமுன் தெளித்துத் தெளித்துக் கிளற
அரை மணி கழித்துச் சிவந்தது,
வெட்கமா கோபமா தெரியாது.

இரண்டாம் வாரம் பயறு தீய்ந்தது.
"இதைத் தின்பதற்கு
அந்த ஊசியே தேவலை" என்று
தட்டை நகர்த்தினாள்.
நான் கழுவினேன். வேறென்ன செய்ய.

கரண்ட் போன ராத்திரி ஒன்றில்தான்
கொஞ்சம் பிடிபட்டது.
ரைஸ் குக்கர் பாதியில் செத்துக் கிடக்க
பால்கனியில் கரி அடுப்பை மூட்டினேன்.
கத்தரிக்காய் தோல் வெடித்து
தன் தண்ணீரிலேயே வெந்தது.
தக்காளியும் அப்படியே.
வாழையிலையில் மடித்த மீனோ
இஞ்சிப் புல்லின் ஆவியில்
யாரும் தொடாமலே பதமானது.
நாலாம் மாடி டோ எய் நூ
கயிற்றில் ஒரு பையை இறக்கினாள்.
உள்ளே சின்பாவ்ங், நம்ம புளிச்சகீரை.
"உப்பு இறங்கினால் புளிப்பை ஏற்று!"
தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

வறுத்த கடலை மாவைத் தூவி
கத்தரிக்காயைக் கையாலேயே பிசைந்தேன்.
கரண்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்கு
அவ்வளவு மெதுவாய் ஒன்றைத் தொடுவது
புதுசாக இருந்தது.
குஞ்சிதம் இருட்டில் சாப்பிட்டாள்.
தட்டைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.
பிறகு,
"எலுமிச்சை இன்னும் கொஞ்சம்."

இன்றைக்கு அவளாகவே படியிறங்கி
தெருமுனை வரை போய் வந்திருக்கிறாள்.
பதினெட்டுப் படியாம், இரண்டு தரம் நின்றாளாம்.
என் கறியில் எண்ணெய் திரும்புவதில்லை இப்போது.

கடை விட்டு வந்து கதவைத் திறந்தால்
தோள்பட்டையில் மூக்கை வைத்துச் சட்டையை முகர்கிறாள்.
"உருளைக்கிழங்கா இன்றைக்கு?"
"ஆமாம், பட்டாணியும்."
இன்னொரு தரம் மூச்சை இழுத்துக்கொள்கிறாள், நிதானமாக.
டாக்டர் தாளில்
அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.