அகல்வட்டம்

டர்பன். இரவு இரண்டு மணி.
டெரன்ஸ் பதயாச்சி, இருபத்துமூன்று.
வெள்ளணு அறவே இல்லை; ஒன்பது நாளாய்க் காய்ச்சல்.
எக்ஸ்ரே வாய் திறக்கவில்லை.
"மூச்சைப் பிடி"
ஸ்கேன் இயந்திரம் ஆங்கிலத்தில் சொல்கிறது, ஜூலுவில் சொல்கிறது.
பாதிதான் பிடிக்கிறான்.

வலது மேல்மடலில் முடிச்சு,
சுற்றிலும் மங்கல் வளையம்.
அகல்வட்டம் பகல்மழை.
இங்கே கசிவது ரத்தம்.
பக்கத்துக் கட்டடத்தின் கூரையை இடிக்கிறார்கள்,
ஒரு மாதமாய்த் தூசி.
'பூஞ்சையாக இருக்கலாம்' என்று எழுதினேன்.
அந்த 'லாம்' ஒன்றை நம்பி
விடியுமுன் மருந்தேற்றினார்கள்.

பதினெட்டாம் நாள்
முடிச்சு உள்ளே குழிந்து
ஓரத்தில் கறுப்பாய் ஒரு பிறை.
அவன் அம்மா திரையைக் கண்டு வாயைப் பொத்தினாள்.
ஓட்டைதான், அம்மா. வெள்ளணு திரும்பிவந்து
செத்ததைத் தின்ற இடம்.
படம் மோசம், பிள்ளை தேவலை.

அவனோ
பன்னி சௌ எப்போது தின்னலாம் என்கிறான்.