நாலாவது ஸீட்

டோம்பிவிலி எட்டு பதிமூன்று.
மூன்று பேருக்கான பலகையில்
நாலாவதாக ஒட்டிக்கொள்பவளுக்கு
பாதி உடம்புக்குத்தான் இடம்.
மீதியைக் காலால் தாங்கவேண்டும்.
இருபத்தாறு வருடம் தாங்கியதில்
இடது முட்டி மட்டும் தேய்ந்துவிட்டது.
எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"நின்றுகொண்டே செய்யும் வேலையா?" என்றார்.
உட்கார்ந்துதான் என்றேன்.

செண்பகவல்லியை
முதல் வாரமே சம்பா என்று நறுக்கியவள்
உஜ்வலா சாவந்த்.
ஐம்பதில் என் உடம்புக்குள்
திடீர் திடீரென்று அடுப்பு பற்றியபோது
காரணம் கேட்காமல் எழுந்து
விசிறிக்குக் கீழே இடம் தந்தாள்.
சீப்பை நுழைத்துத் தள்ளினால்தான் சுழலும் விசிறி அது.
அந்தச் சீப்பும் அவளுடையதே.

போன மே மாதம் அவள் ஓய்வு பெற்றாள்.
குர்லாவுக்கும் தாதருக்கும் நடுவில்
பிளாஸ்டிக் கத்தியால் கேக் வெட்டினோம்.
"இனி எட்டு மணிவரை தூக்கம்" என்றாள்,
யாருடைய துப்பட்டாவிலோ க்ரீமைத் துடைத்துக்கொண்டு.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
அதே கம்பியைப் பிடித்தபடி உஜ்வலா.
எங்கே?
"வி.டி."
அங்கே என்ன வேலை?
"ஒன்றுமில்லை. திரும்பி வருவேன்."
மூன்று மாத பாஸ் எடுத்திருந்தாள்.

பாவம் என்று பட்டது.
வீட்டில் அவரிடம் சொன்னேன்:
பாவம், உஜ்வலாவுக்குப் போக இடமில்லை.
அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
கொஞ்சம் பொறுத்துக் கூட்டினார்.
மகள் புனேவுக்குப் போனபிறகு
எங்கள் வீட்டில் உரையாடல் என்பது இதுதான்.

இந்த ஊரில் உட்கார்ந்திருப்பவளிடம்
நலமா என்று கேட்கமாட்டார்கள்.
எங்கே இறங்குவீர்கள் என்பார்கள்.
காட்கோபர் என்று வாய் திறப்பதற்குள்
மனசால் துண்டு போட்டாகிவிடும்.

ஆபீஸில் புதுப்பெண் பல்லவி கேட்டாள்,
"மேடம், ரிடையர்மென்ட் எப்போ?"
அதே குரல்.
என் ஜன்னலோர மேஜையைக் கண்ணாலேயே அளந்தாள்.
சுர்ரென்று வந்தது.
மதியம் தயிர்சாதம் பிசையும்போது ஞாபகம் வந்தது:
முப்பத்தொன்றில் நானும்
பட்கி பாயிடம் இதையேதான் கேட்டேன்,
பேடா நீட்டிக்கொண்டு.
அந்த மேஜைதான் இது.
பட்கி பாய் பேடாவை எடுத்துக்கொண்டார்.
என்ன பதில் சொன்னார் என்பது மறந்துவிட்டது.
முகம்கூட.

மறுநாள் பல்லவியைக் கூப்பிட்டு
தீ விபத்து க்ளெய்ம்களை எப்படிப் படிப்பது என்று காட்டினேன்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
தப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள், பொறுக்கவில்லை.

நேற்று செவ்வாய்.
வி.டி. வந்தது, பெட்டி கொட்டித் தீர்ந்தது.
பழக்கத்தில் என் கால் எழுந்துவிட்டது.
உஜ்வலா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.
லீவ் சொல்லவில்லை என்றேன்.
"போன் இருக்கிறதல்லவா?"

மூன்று பேர் பலகை முழுக்க எனக்கு.
நான் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன்,
பாதி உடம்போடு, இடது காலை ஊன்றி.
"சரக்" என்றாள். நகரு.
அடுத்தவளுக்கு இடம்விட மட்டுமே
இத்தனை வருடம் கேட்ட சொல்.
யாருமில்லாதபோது சொல்கிறாள்.
நகர்ந்தேன்.

பைகுல்லா தாண்டி ஒரு மொட்டைமாடியில்
பெயின்ட் டப்பாக்களில் தக்காளி,
சிவப்பாக, ஏழெட்டு.
எத்தனை வருடமாக இருக்கிறது என்றேன்.
அவளுக்கும் இன்றுதான் தெரியும்.
பிறகு தானே வரை
அவள் மருமகளைத் திட்டினாள், நான் முட்டியைத் திட்டினேன்.

இரவு அவரிடம் சொன்னேன்:
நேற்று நான் வேலைக்குப் போகவில்லை.
இல்லை, இன்று. இன்று என்று சொல்ல வந்தேன்.
எழுதும்போதும் குழம்புகிறது, இருக்கட்டும்.
அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ரிமோட் அவர் மடியிலேயே கிடந்தது.