விலகிய காரணம்

பக்கத்துக்கு இரண்டே கால் ரூபாய்.
பேராயர் இல்லத்தின் பின்கட்டில்
கை உடைந்த சுரூபங்களுக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே
என் ஸ்கேனர்.
அல்சூர்ப் பக்கம் ஒரு பங்கில்
நடந்து, நொடித்து, மூடிய நாலு பள்ளிக்கூடங்கள்
இரண்டு அரிசிச் சாக்கில் வந்து இறங்கின.

முதல் பள்ளி ஒரு குதிரை லாயம்.
பட்டாளம் இடம் மாறிய பிறகு
சாணி வாரிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.
பையன்கள் இருபத்தேழு, பெண்கள் நாலு.
கவிழ்த்துப் போட்ட தீவனத் தொட்டிதான் மேசை.
இன்ஸ்பெக்டர் துரை இரண்டு தடவை ஆட்சேபித்திருக்கிறார்;
மூன்றாம் தடவை அதிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்,
மை மரத்தின் வரிவரியாய் ஓடியிருக்கிறது.
தகப்பன் தொழில்: குதிரைக்காரன், குசினிக்காரன்,
செங்கல் சூளை, செங்கல் சூளை,
தெரியாது.

கடைசிக் கட்டத்தில்தான் என் கை நிற்கும்.
விலகிய காரணம்.
கோலாருக்குத் தங்கம் வெட்டப் போனது.
தம்பியைத் தூக்க ஆளில்லை.
கலியாணம், வயது பன்னிரண்டு.
மாடு வாங்கிவிட்டார்கள்.
ரங்கூன்.
சொல்லவில்லை.
சொல்லவில்லை.
செபஸ்தி மகன் மதலைமுத்து: வாத்தியாரைக் கடித்தது.
அடுத்த ஜூனில் அவனே மறுபடி சேர்ந்திருக்கிறான்.
காயம் ஆறியதா, கோபம் ஆறியதா,
கட்டத்தில் இடமில்லை.

இரண்டாவது, கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளி.
கஞ்சி காய்ச்ச ஆளுக்கொரு விறகு கொண்டுவர வேண்டும்.
அதற்குத் தனி நோட்டு.
குணபூஷணம், ரெஜினாள் இருவரும் ஒரே விறகைப்
பாதி பாதியாய் ஒடித்துக் கொண்டுவந்ததை
ஐரிஷ்கார மதர் சிவப்பு மையில் கண்டுபிடித்திருக்கிறார்.
கணக்கில் ஒன்றாகத்தான் வரவு.
கஞ்சி இரண்டு பேருக்கும்.

மூன்றாவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
தொண்ணூற்றொன்று டிசம்பர், ஒரே வாரம்,
இருபத்தேழு வரிசை, ஒரே கையெழுத்து:
ஊருக்குப் போனது, ஊருக்குப் போனது.
எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.
பாதிப்பேர் பிறந்தது இந்தத் தெருவில்.
அந்த மாதச் செலவில்
பெயர்ப்பலகையை மறைக்க ஒரு டப்பா பெயின்ட்.

நாலாவதில் சொல்ல அதிகமில்லை.
இங்கிலீஷ் மீடியம், இங்கிலீஷ் மீடியம்,
இங்கிலீஷ் மீடியம்.
கடைசி வருஷம் ஆறு பிள்ளைகள், மூன்று டீச்சர்கள்.
இப்போது அது பங்கின் கார் நிறுத்தம்.

சாக்கின் அடியில் இன்னொன்று கிடந்தது.
கரையான் மூலை தின்ற வருகைப் பதிவு.
லாயப் பள்ளிதான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நகரத்துக்குள் பிளேக் வந்த ஆவணி.
முப்பத்தொன்று, இருபத்தாறு, ஒன்பது, இரண்டு,
பிறகு
பூஜ்யம்.
மறுநாளும் பூஜ்யம். பதினெட்டு நாள்.
ஒவ்வொரு நாளும் முப்பத்தொரு பெயருக்கும்
தவறாமல் ஒவ்வொரு புள்ளி வைத்து,
கீழே: மாணவர் 0, ஆசிரியர் 1,
சவுரிராயன் என்று கையொப்பம்.
யாருமில்லாத லாயத்தில்
அவர் எதை நடத்தினார்? வாய்ப்பாட்டையா?
இல்லை, எலி விழும் சத்தம் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாரா?

பத்தொன்பதாம் நாள் கையெழுத்து வேறு.
எழுத்து ஒவ்வொன்றும் ஒரு உயரம்,
பூஜ்யம் முட்டை மாதிரி சரிந்து கிடக்கிறது.
ஆசிரியர் 0.
மாணவர் 1.
பிறகு வெறும் தாள்.

யார் என்று தேடினேன்.
பிள்ளைகளின் கையெழுத்தை
எந்தப் பதிவேடும் வாங்கிவைக்கவில்லை.
அந்தக் கடித்தவனாக இருக்கும்
என்று நானாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை ஸ்கேன் செய்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு.