வலப்பக்கம் மேலே

மணிக்கு ஒரு பிராங்க்.
கையுறைப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தால் இரண்டு.
அந்தக் கணக்கில்தான்
ஒபெர்த்தனின் ஆறாம் மாடிக்கு ஏறினேன்.

விசிறிகளைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்தார்.
நவம்பர் மாதம். கரியை எண்ணி எண்ணிப் போட்டார்.
விரிசல் விட்ட நீலச் சாடியின் முகம் சுவர்ப்பக்கம்.

லெ ஆவ்ர் துறைமுகத்தில் சீட்டாடி ஜெயித்த அங்கி என்றார்.
இன்னொரு நாள், கடையில் வாங்கியது என்றார்.
இடது கையின் உள்மடிப்பில் ஓர் ஒட்டு:
பட்டின் நிறத்தில் நூல் கிடைக்காமல்
பக்கத்து நிறத்தில் தைத்திருக்கிறாள் எவளோ.
நெருக்கமான தையல், கடைசி நாலில் மட்டும் அவசரம்.
வெளிச்சம் போயிருக்கும்.
அல்லது யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

"கீழ்த்திசைப் பெண்போல் பார், லெயோகாதி."
எனக்குத் தெரிந்த கீழ்த்திசை
அந்தப் பெயரில் இருக்கிற ரயில் நிலையம்தான்.
தாமதமான வண்டிக்குக் காத்திருப்பவள்போல் பார்த்தேன்.
"அதேதான்! அசையாதே!"

மேசையில் பரப்பிய அச்சுப்படங்களில்
எந்தப் பெண்ணின் மூக்கடியிலும் நிழல் இல்லை,
ஒரு கோடு, அவ்வளவுதான்.
எனக்கும் நிழல் வேண்டாமென்று துடைத்துவிட்டார்.
நிழலோடு சேர்ந்து
கன்னத்து அம்மைத் தழும்புகளும் போயின.
பார்த்திராத அந்தத் தேசத்துக்கு
அன்று மட்டும் மனசார நன்றி சொன்னேன்.

மே மாதக் கண்காட்சியில், கதவுக்கு மேலே,
கழுத்து வலிக்க அண்ணாந்தால் தெரிகிற இடத்தில் நான்.
கீழே ஒரு ஜப்பானியர். கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, கோயிலில் செய்வதுபோல், குனிந்து எழுந்தார்.

பக்கத்தில் போய், "நான்தான் அது" என்றேன்.
படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
என் தழும்புகளைப் பார்த்தார்.
"உயிரோடு இருக்கிறீர்களே!" என்றார் தடுமாறும் பிரெஞ்சில்.
தன் கோட்டின் மேல் கை வைத்துக் காட்டினார்:
இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும்.
வலப்பக்கத்தை மேலே மடித்தால்
அது பிணத்துக்கு.

யாரும் உடுத்திவிடவில்லை, ஐயா. நானே மூடியதுதான்.
பித்தான் வைத்த சட்டை போடத் தொடங்கியதிலிருந்து
என் கை அப்படித்தான் மூடுகிறது.
இந்த ஊரில் பெண்கள் எல்லாருக்கும் வலதுதான் மேலே.
சொல்ல நினைத்தேன்.
அவர் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்.

முத்துப் பித்தான்கள் வரிசையாய் மின்ன ஒரு சீமாட்டி
அண்ணாந்து என்னைப் பார்த்து,
"என்ன உயிர்க்களை!" என்றாள்.

மறுநாள் காலை
மூன்றாவது பித்தானில் கை நின்றது.
ஏழு மணிக்குப் பட்டறைக் கதவைச் சாத்துவார்கள்,
பிந்தினால் கால் பிராங்க் வெட்டு.
நான்காவதைப் போட்டேன்.