கோல் வெட்டிய கல்

ஆரணியில் பஸ் மாறி, சந்தவாசலில் இறங்கி,
அப்புறம் ஷேர் ஆட்டோ.
படவேடு என்றால் அம்மன் கோயிலுக்குத்தான் என்று
எலுமிச்சம்பழக் கடையில் நிறுத்தப் பார்த்தார் டிரைவர்.
நான் கேட்டது கடைத்தெரு.
"எந்தக் கடைத்தெரு? டீக்கடையா?"
ராஜாக்கள் காலத்துக் கடைத்தெரு என்று சொல்ல
வெட்கமாக இருந்தது.
ஒரு சிறுபாலம் தாண்டி இறக்கிவிட்டார்.

வாழை. கண் போகும் வரை வாழை.
ஆறு புரண்டு மூடியது என்பார்கள்,
மண்மாரி பெய்தது என்பார்கள்,
எப்படியோ ஒரு தலைநகரம்
கற்பூரவல்லிக்கு அடியில் கிடக்கிறது.
நாலு தெரு கூடிய இடத்தில்
சொட்டுநீர்க் குழாய்கள் கூடுகின்றன.

"இன்னா தேடறே?"
மோட்டார் கொட்டகையிலிருந்து கன்னியப்பன்.
சொன்னேன்.
துணி துவைக்கும் கல்லைக் காட்டினார்.
ஒரு குடம் தண்ணீர் ஊற்றி
சோப்பு நுரையைத் தள்ளினார்.

ஓரத்தில் ஒரு கூட்டல் குறி.
அதிலிருந்து நூல் பிடித்தது போல் ஒரு கோடு
ஏழடி ஓடி
கல் உடைந்த இடத்தில் உடைந்துவிட்டது.
அளவுகோல்.
பொதுவில், வெயிலில்,
யாரும் வந்து வைத்துப் பார்க்கலாம் என்று வெட்டியது.

இங்கேதான் எவளோ ஒருத்தி
நிலம் அளந்தவனின் மேல்துண்டைப் பிடித்து
இழுத்து வந்திருப்பாள்.
"என் புன்செயை எந்தக் கோலில் அளந்தாய்?
வை. இந்தக் கல்லில் வை.
ஊர் பார்க்கட்டும்."
கோல் குட்டையானால் நிலம் பெருகும், வரியும் பெருகும்.
வெற்றிலை வாங்க வந்தவன் நின்றிருப்பான்.
உப்பு வண்டிக்காரன்
மாட்டை அவிழ்க்க மறந்து நின்றிருப்பான்.
கோலைக் கிடத்தும்போது அவன் கை நடுங்கியது
எனக்குத் தெரியும்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷெட்டில்
பதினெட்டு வருஷமாக அளவு எழுதுகிறவன் நான்.
ஆட்டுத்தோலின் பின்பக்கம், தொடை ஓரமாக,
நீலப் பென்சிலில் சதுர அடி.
கால் அடி கூட்டு என்று மேலிருந்து சொன்ன நாளில்
கூட்டினேன்.
யாரும் என் துண்டைப் பிடிக்கவில்லை.
பிடித்தாலும் இழுத்துப்போய் நிறுத்த
எங்கள் ஊரில் கல் எங்கே?

"மீதிக் கல்லு என்ன ஆச்சு?"
"எங்கப்பன் இருக்கசொல்ல பாலம் கட்டினாங்க.
அதுக்கு எடுத்துகினு போனாங்க."
அதன் மேல்தான் வந்திருக்கிறேன்,
ஆட்டோவில், குலுங்கியபடி.

புறப்படும்போது ஒரு சீப்பு, இன்னொரு சீப்பு
தராசில் வைத்தார்.
ஒன்று தொள்ளாயிரத்து அறுபதில் நின்றன
பச்சை எண்கள்.
"ரெண்டு கிலோன்னு வச்சிக்கோ."
நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு, கோபமில்லாமல்,
ஒரு பழத்தைப் பிய்த்து மேலே போட்டார்.

திரும்பும்போது பாலத்தை நடந்தே கடந்தேன்,
செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து,
கழற்றாமல்.